பிள்ளைகள் முதலில், நாடகம் பின்னர்

பாடசாலைக் கலைவிழாவுக்கு நாடகம் பழக்கும் ஆசிரியர் முதலில் தேடுவது உரத்த குரலும் நல்ல ஞாபகசக்தியும் உள்ள பிள்ளைகளையே. பேச்சுத் திக்கும் பிள்ளையும், விழிப்புலன் குன்றிய பிள்ளையும், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் சபையில் அமர்ந்து கைதட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். சில வேளைகளில் இரக்கத்தின் பேரில் மேடையின் ஓரத்தில் மரமாக நிறுத்தப்படுகின்றனர். இது பங்குபற்றுதல் ஆகுமா?

வேறு வழியும் உண்டு. 1974ஆம் ஆண்டு வட இலண்டனில் மேரி வார்ட், ஜோ கொலின்ஸ் என்னும் இரு பெண்கள் நாடகக் குழுவொன்றைத் தொடங்கினர். பாவனையற்ற கோழிக் கொட்டகையொன்றில் ஒத்திகை நடந்ததால் அதற்குச் 'சிக்கன்ஷெட்' என்று பெயர் வந்தது. வலுவிழப்பு உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் அங்கு ஒன்றாகவே நடிக்கின்றனர். 1994இல் அக்குழு தனக்கெனச் சொந்த அரங்கையும் பெற்றது. நமது நாட்டில் 2000ஆம் ஆண்டு ஆரம்பமான சுனேரா மன்றமும் வலுவிழப்புள்ள இளைஞரை அரங்கக் கலைக்குக் கொண்டுவந்தது.

இத்தகைய அரங்கின் அடிப்படை ஒன்றே: எழுதிவைத்த நாடகத்துக்குள் பிள்ளையைத் திணிக்காமல், கூடியிருக்கும் பிள்ளைகளிலிருந்தே நாடகத்தை உருவாக்க வேண்டும். அதனை எவ்வாறு செய்யலாம்?

முதலாவதாக, அனைவரையும் வட்டமாக இருத்தி விளையாட்டோடு தொடங்குக. ஒருவர் செய்யும் அசைவை மற்றவர்கள் திரும்பச் செய்யட்டும். கையை மட்டும் அசைக்கக்கூடிய பிள்ளையின் அசைவையும் முழுக் குழுவும் பின்பற்றும்போது அப்பிள்ளையே தலைவனாகிறான்.

இரண்டாவதாக, எளிய கதையொன்றைக் கொடுத்து, 'இதில் நீ என்ன செய்ய விரும்புகிறாய்?' என ஒவ்வொருவரையும் கேளுங்கள். மழைக்குக் காத்திருக்கும் கிராமம் கதையாயின், பார்வையற்ற சிறுமி தகரத்தில் கூழாங்கற்களை உருட்டி மழையைக் கொண்டுவரலாம். செவிப்புலனற்ற சிறுவன் சைகையால் செய்தி சொல்ல, மற்றவர்கள் அச்சைகையைக் கற்று அவனோடு உரையாடலாம். சக்கர நாற்காலி வண்டியாகுமா, வள்ளமாகுமா, வெறும் நாற்காலியாகவே இருக்குமா என்பதை அதில் இருப்பவரே தீர்மானிக்கட்டும்.

மூன்றாவதாக, உதவி செய்வதற்கு முன் கேட்கப் பழக்குங்கள். தோழன் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்பதும் நடிப்புப் பயிற்சியே. இங்கு அதிகம் கற்பவர்கள் வலுவிழப்பு இல்லாத பிள்ளைகள்தாம்.

இறுதியாக, சபையோரின் கண்ணீரைத் தேடாதீர்கள். 'ஐயோ பாவம்' என்ற அனுதாபத்தைவிட, நாடகம் நன்றாக இருந்தது என்ற பாராட்டே பிள்ளைக்கு உரியது. ஆகவே ஒத்திகையில் ஒழுங்கையும் உழைப்பையும் எல்லாரிடமும் சமமாக எதிர்பாருங்கள்.

விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்குபற்றுவது வலுவிழப்புள்ள பிள்ளைகளின் உரிமை என 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயம் கூறுகிறது. இலங்கை அதனை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அவ்வுரிமை காகிதத்தில் உறங்குவதா, மேடையில் எழுவதா? அடுத்த கலைவிழாவுக்குப் பெயர் எழுதும் ஆசிரியரின் கையிலேயே அது தங்கியுள்ளது.