எனக்குத் தந்தார், என்னிடம் தந்தார்

நான்காம் வேற்றுமையின் உருபு 'கு' ஒன்றே. கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை முதலிய பொருள்களில் அது வரும் என்கிறது நன்னூல். பரீட்சைக்காக இவற்றை வரிசையாகப் பாடமாக்குகிறோம். எங்கள் உச்சமுனைப் பேச்சைக் கவனித்தாலே போதும், பாடமாக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

முதலில் கொடையைப் பாருங்கள். "மீன் விற்ற காசை வாப்பா எனக்குத் தந்தார்" என்றால் அந்தக் காசு என்னுடையது. "என்னிடம் தந்தார்" என்றால் அது அமானிதம். உம்மா கேட்டதும் எண்ணிக் கொடுக்க வேண்டும். வினை ஒன்றுதான். ஏழாம் வேற்றுமையின் 'இடம்' காசு இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. 'கு' அதை ஏற்றுக்கொள்பவரைக் காட்டுகிறது. எந்தப் பொருளானாலும் அதை ஏற்பதே இவ்வேற்றுமை என்று தொல்காப்பியரும் சொன்னார். காணி உறுதியில் இந்த உருபு மாறினால் உரிமையே மாறிவிடும்!

தோழியர் பலர் தடுமாறுவது அதுவாதலில். "பூனைக்கு மீன்", "கருவாட்டுக்கு மீன்" இரண்டிலும் 'கு' இருக்கிறது. பூனை மீனைப் பெறுகிறது; அது கொடை. கருவாடு மீனைப் பெறுவதில்லை. மீனே உப்பிலும் வெயிலிலும் கிடந்து கருவாடாகிறது. ஆகவே அது அதுவாதல். "வலைக்கு நூல்" என்பதும் அப்படியே.

பகையும் முறையும் எளியவை: பாம்புக்குப் பகை கீரி, உம்மாவுக்கு மகள் நான். எல்லைப் பொருளுக்கு எங்கள் ஊரே உதாரணம்: கற்பிட்டிக்கு வடக்கே உச்சமுனை.

"வாப்பா கடலுக்குப் போயிட்டார்" என்றால் இங்கே தொழிலுக்குப் போனார் என்றுதான் அர்த்தம். கற்பிட்டிக்குச் சாமான் வாங்கப் படகேறியவரும் தண்ணீரில்தான் போகிறார். அவரைக் கடலுக்குப் போனார் என்று யாரும் சொல்வதில்லை. இந்தக் 'கு'வில் இடத்தைவிடப் பொருட்டே மேலோங்கி நிற்கிறது. "தண்ணிக்குப் போனாள்" என்பதில் இடமே இல்லை, பொருட்டு மட்டும்தான்.

இனி, "எனக்கு இந்தப் பாடம் தெரியும்" என்ற வாக்கியத்தில் எழுவாய் எது? 'எனக்கு' என்று எழுதினால் புள்ளி போய்விடும். உருபேற்ற பெயர் எழுவாயாகாது. தெரிவது பாடம், ஆகவே பாடமே எழுவாய். "நான் இந்தப் பாடத்தை அறிவேன்" என்று மாற்றும்போதுதான் 'நான்' எழுவாயாகி, பாடம் 'ஐ' ஏற்றுச் செயப்படுபொருளாகிறது.