மண் எப்போது சரியும்?

மாணவர்களே, ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு மலையேறும் சாலையில் போயிருக்கிறீர்களா? தேயிலைச் செடிகள் நிற்கும் சரிவுகளுக்கு இடையே, சில இடங்களில் செம்மண் பெயர்ந்து விழுந்த தழும்பும் தெரியும். பல காலம் நின்ற மண் ஏன் ஒரே இரவில் சரிகிறது?

30 பாகைச் சரிவில் ஒரு கல் இருப்பதாகக் கொள்வோம். அதன் எடை இரண்டு வேலைகளைச் செய்கிறது. எடையில் பாதி, கல்லைச் சரிவு வழியே கீழே இழுக்கிறது. சுமார் 87 விழுக்காடு, கல்லைத் தரையோடு அழுத்துகிறது. இந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வுதான் கல்லைப் பிடித்து நிறுத்துகிறது. மண் துகள்களுக்கும் இதே விதிதான்.

வீட்டில் செய்து பாருங்கள். உலர்ந்த மணலைக் குவியுங்கள். குவியல் தாழ்ந்தே நிற்கும். சிறிது நீர் தெளித்துக் குவித்தால் செங்குத்தாகவும் நிற்கும். துகள்களுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. தொடர்ந்து நீர் ஊற்றுங்கள், குவியல் சரிந்துவிடும். இடைவெளிகள் நிரம்பியதும், நீரே எடையின் ஒரு பகுதியைத் தாங்குகிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது, உராய்வும் குறைகிறது. மண்ணின் எடையோ நீரால் கூடியிருக்கிறது!

பனிமலைகளிலும் கதை இதுதான். அடுக்கடுக்காக விழும் பனியில் ஓர் அடுக்கு வலுவற்றதாக இருந்தால், அதன் மேல் உள்ள பனி முழுவதும் பலகைபோல் வழுக்கி இறங்கும். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சென் பனிமலையில், மெட்ராஸ் படைப்பிரிவின் முகாமில் இருந்த 10 வீரர்கள் பனியில் புதைந்தனர். பனிச்சரிவை ஒருவரின் காலடிகூடத் தூண்டிவிடலாம். நம் மலைகளில் அதைத் தூண்டுவது பெரும்பாலும் மழை.

2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலியில் கூடாரங்களில் உறங்கியவர்கள் மீது மண் சரிந்தது. 31 பேர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய நாள்களில் பெய்த தொடர்மழை மண்ணுக்குள் ஊறியிருந்தது. ஆகவே, மழை விட்டதும் ஆபத்து விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். மேலே விழுந்த நீர் உள்ளே இறங்க நேரம் எடுக்கும்.

மலையில் நடக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்: தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஓடை, மண்ணிலிருந்து புதிதாகக் கசியும் நீர். இவற்றுள் எதைக் கண்டாலும் சரிவின் அடியில் நிற்காமல் பக்கவாட்டில் விலகிச் செல்லுங்கள். பிறகு 999 எண்ணை அழையுங்கள். வெட்டப்பட்ட சரிவின் அடியிலும் ஓடைக் கரையிலும் கூடாரம் போடாதீர்கள்.

சிந்திக்க ஒரு கேள்வி: சரிந்த இடத்தை நெகிழித் தாளால் மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மெல்லிய தாளால் மலையைத் தாங்க முடியாது. பின் எதற்காக மூடுகிறார்கள்? உங்கள் மணல் குவியலிடம் விடை இருக்கிறது.