பேரேட்டில் "சம்பளம்"

நம் கடைப் பேரேட்டில் "சம்பளம்" என்று ஒரு தலைப்பு உண்டு. கடைப் பையனுக்குக் கொடுத்தது, கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்தது, கடையில் உட்காரும் மகனுக்குக் கொடுத்தது, முதலாளி தாமே எடுத்துக்கொண்டது எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் ஏறிவிடுகின்றன. வருமான வரிச் சட்டம் இவை ஒவ்வொன்றையும் வேறு வேறு விதமாகப் பார்க்கிறது. ஆண்டு முடிந்து ஆடிட்டரிடம் கணக்கைக் கொண்டுபோன பிறகு இதைத் தெரிந்துகொண்டால் பயன் குறைவு. ஆகவே உறுப்பினர்கள் இப்போதே கவனிக்கும்படி எழுதுகிறோம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இங்கே சொல்லும் தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை.

தனி முதலாளியாகக் கடை நடத்துபவர் தமக்குத் தாமே சம்பளம் போட்டுக்கொள்ள முடியாது. மாதம் 20,000 எடுத்தாலும் 50,000 எடுத்தாலும் அது சொந்தப் பற்று. செலவில் எழுதினால் அதிகாரி அடித்துவிடுவார்.

கூட்டு வியாபாரத்தில் நிலைமை வேறு. இதற்கு நம் மலைத் தொழிலை ஒட்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. தேயிலை பயிரிட்டுத் தூளாக்கி விற்ற ஒரு கூட்டு நிறுவனத்தில் கூட்டாளிகள் சம்பளம் வாங்கினார்கள். தேயிலை வருமானத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வியாபாரம் என்பது விதி. மத்திய வருமான வரி 40க்கு மட்டுமே. அப்படியானால் கூட்டாளி வாங்கும் சம்பளத்திலும் 60 சதவீதத்துக்கு வரி இல்லையா என்ற கேள்வி எழுந்தது. ஆர்.எம். சிதம்பரம் பிள்ளை வழக்கு என்று ஆடிட்டர்கள் சொல்வது இதுதான். சென்னை உயர் நீதிமன்றத்தைத் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒருவர் தமக்கே வேலைக்காரர் ஆக முடியாது, கூட்டாளி வாங்கும் சம்பளம் லாபப் பங்கின் இன்னொரு உருவமே என்று 1977இல் தீர்ப்பாயிற்று. லாபத்தில் 60 சதவீதம் விவசாயம் என்றால் அந்தச் சம்பளத்திலும் அப்படியே.

அதே தோட்டத்தில் மேனேஜர் வாங்கும் சம்பளத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் வேலைக்கு வந்தவர். சம்பளம் தேயிலைப் பணத்திலிருந்து வந்தாலும் அவர் கையில் அது முழுக்கச் சம்பளமே. "எஸ்டேட் சம்பளம் விவசாய வருமானம்தானே" என்று கடையில் நின்று பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள். அது சரியல்ல.

மளிகைக் கடைக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கூட்டாளியின் சம்பளம் வியாபார வருமானம் என்பதால், சம்பளக்காரருக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு அவருக்கு இல்லை. ஆனால் நிறுவனத்துக்கு அது செலவாகக் கழியும். 1992ஆம் ஆண்டு நிதிச் சட்டம் தந்த வழி இது. இரண்டு நிபந்தனைகள் முக்கியம். அவர் கடையில் உழைக்கும் கூட்டாளியாக இருக்க வேண்டும். கூட்டுப் பத்திரத்தில் சம்பளம் இவ்வளவு என்றோ, இன்ன கணக்குப்படி என்றோ எழுதியிருக்க வேண்டும். வரம்பும் உண்டு. முதல் 6 லட்சம் லாபத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், எது அதிகமோ அது. மிச்ச லாபத்துக்கு 60 சதவீதம்.

அண்ணன் தம்பி இருவர் நடத்தும் ஒரு கடைக்கு லாபம் 8 லட்சம் என்று கொள்வோம். முதல் 6 லட்சத்துக்கு 5,40,000, மிச்சம் 2 லட்சத்துக்கு 1,20,000. ஆக 6,60,000 ரூபாய் இருவருக்கும் சம்பளமாகக் கழியும். நின்ற 1,40,000க்கு நிறுவனம் செஸ்ஸோடு 31.2 சதவீதம், அதாவது 43,680 ரூபாய் கட்டும். ஆளுக்கு 3,30,000. வேறு வருமானம் இல்லையென்றால் புதிய முறையில் 4 லட்சத்துக்குள் வரியே இல்லை. அதே கடையின் பத்திரத்தில் சம்பள வாசகம் இல்லை என்று வையுங்கள். 8 லட்சத்துக்கும் வரி, 2,49,600 ரூபாய்! அப்பா காலத்துப் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுப் பிரித்துப் பாராதவர்கள் இந்த வாரமே பிரித்துப் பார்ப்பது நல்லது. பத்திரத்தைத் திருத்தினால் திருத்திய நாளிலிருந்துதான் பலன். பின்தேதி போட்டுச் சரிக்கட்ட முடியாது.

2025 ஏப்ரல் 1 முதல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கூட்டாளிக்குக் கொடுக்கும் சம்பளம், வட்டி, கமிஷன் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். வரி வராத கூட்டாளிக்கும் பிடிக்க வேண்டும், அவர் ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெற வேண்டும். கையில் பணமாகக் கொடுக்காமல் மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தம் உண்டு.

விற்றுமுதலில் 8 சதவீதம் அல்லது 6 சதவீதம் லாபம் என்று மதிப்பீட்டு முறையில் காட்டும் கடைகள், அதற்கு மேல் கூட்டாளி சம்பளத்தைக் கழிக்க முடியாது. முன்பு முடிந்தது. 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டம் எடுத்துவிட்டது.

இனி குடும்பம். வயது வந்த மகன் கடையில் உழைத்தால் சம்பளம் கொடுக்கலாம். வெளியாளுக்கு அந்த வேலைக்கு என்ன கொடுப்போமோ அந்த அளவில் இருக்க வேண்டும், மிகையானதை அதிகாரி தள்ளலாம். மனைவிக்குக் கொடுப்பதில்தான் சிக்கல். கடையில் நமக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால், மனைவியின் சம்பளம் நம் வருமானத்தோடு சேர்க்கப்படும். தொழிற்கல்வித் தகுதி இருந்து, அந்தப் படிப்பையும் அனுபவத்தையும் கொண்டே அவர் சம்பாதிக்கிறார் என்றால் மட்டும் விலக்கு. வீட்டுக்காரம்மா நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்து உழைத்தாலும் சட்டம் அதை ஏற்பதில்லை. நியாயமா என்றால், நமக்கு நியாயமாகப் படவில்லை.

கடை ஆட்களின் சம்பளத்துக்கு வருவோம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை முழுவதும் செலவில் ஏறாது. 2017க்கு முன் இது 20,000. ஒன்றாம் தேதி 12,000 ரூபாய்ச் சம்பளத்தை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தால் 12,000மும் போயிற்று. வங்கிக் கணக்கில் போடுவதே வழி. வருங்கால வைப்பு நிதி கட்டும் மண்டிகள், ஆட்களிடம் பிடித்த பங்கை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அது நம் வருமானமாகவே நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்த்துவிட்டது.

ஆட்கள் வேலைக்கு வந்துபோகும் பஸ் செலவைத் தங்கள் வருமானத்தில் கழிக்க முடியாது. நிலைக்கழிவுக்குள் எல்லாம் அடக்கம். கடை வேலையாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பினால் அந்த வண்டிச் சத்தமும் சாப்பாடும் கடைச் செலவு, ஆளின் சம்பளம் அல்ல. வவுச்சர் போட்டுக் கையெழுத்து வாங்கிச் சம்பளத் தலைப்பில் சேர்க்காமல் தனியே எழுதுங்கள்.

தீபாவளிக்குப் போனஸாகப் பணம் கொடுத்தால் அது சம்பளம். வேட்டி சேலையாகவோ பொருளாகவோ கொடுத்தால் ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்குள் சலுகையாகக் கணக்காகாது. வேலை நேரத்தில் கொடுக்கும் தேநீருக்கும் கணக்கு இல்லை. (இந்த மலையில் அதற்கும் கணக்குக் கேட்டால் ஒருவரும் கடை திறக்க முடியாது.) மேல்மாடியில் தங்க அறை கொடுத்தால் நம் ஊர்களில் சம்பளத்தில் 5 சதவீதம் அதன் மதிப்பு. 2023 செப்டம்பருக்கு முன் 7.5 சதவீதமாக இருந்தது. எஸ்டேட் பங்களாவில் இருக்கும் மேனேஜருக்கும் இதே அளவுகோல்தான். நம் கடை ஆட்களுக்கு இதனால் வரி வரப்போவதில்லை, ஏனென்றால் புதிய முறையில் 12,75,000 ரூபாய் வரை சம்பளத்துக்கு வரி இல்லை.

மலைப்படியைப் பற்றியும் கேட்கிறார்கள், வீட்டில் ஒருவராவது அரசு வேலையில் இருப்பதால். கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் மாதம் 300 ரூபாய் வரை விலக்கு என்பது 1962ஆம் ஆண்டு விதி. உதகை, குன்னூர், கோத்தகிரி எல்லாம் அந்த உயரத்துக்கு மேல். ஆண்டுக்கு 3,600 ரூபாய். இது பழைய வரி முறையில் இருப்போருக்கு மட்டுமே. புதிய முறையில் மலைப்படிக்கும் முழு வரி. இந்த 3,600க்காக ஒருவர் பழைய முறையில் நிற்பது கட்டாது. வீட்டுக் கடன் வட்டி, இன்ஷூரன்ஸ், வாடகைப்படி எல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே எந்த முறை என்று தம் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் மாதப் பிடித்தம் சரியாக இருக்கும்.