48 மாதக் கையிருப்பு

அமெரிக்காவில் 55 வயதுக்குப் பிறகு வேலை இழந்து, கையில் காசும் இல்லாதவருக்கு அரசுச் செலவில் வேலை தரும் திட்டம் ஒன்று உண்டு. சீனியர் கம்யூனிட்டி சர்வீஸ் எம்ப்ளாய்மென்ட் புரோகிராம் என்று பெயர். குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக்கோட்டின் 125 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நூலகம், பள்ளி, மருத்துவமனை, முதியோர் மையம் போன்ற இடங்களில் வாரம் சராசரியாக 20 மணி நேர வேலை. சம்பளம் தருவது அந்த இடமல்ல, திட்டம். டெக்சாஸ் போல 7.25 டாலரே குறைந்தபட்சக் கூலியாக உள்ள மாநிலத்தில் வாரத்துக்கு 145 டாலர் வரும்.

சேரும்போது பலரும் கவனிக்காத எண் 48. ஒருவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்து 48 மாதம்தான் இதில் இருக்கலாம். 2006-ல் சட்டத்தைத் திருத்தியபோது வந்த வரம்பு இது. 2007 ஜூலை 1 முதல் எண்ணுகிறார்கள். நம்மூர் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் ஏப்ரல் பிறந்தால் கணக்கு புதிதாகும். இங்கே அப்படி இல்லை. ஊர் மாறினாலும், திட்டத்தை நடத்தும் வேறொரு நிறுவனம் வழியாக மறுபடி சேர்ந்தாலும் மீட்டர் விட்ட இடத்திலிருந்தே ஓடும். ஆனால் அனுமதி பெற்ற விடுப்பில் ஓடாது. ஆகவே மூட்டு அறுவை சிகிச்சைக்காக இரண்டு மாதம் வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள்.

48 மாதமும் கிடைத்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். பங்கேற்பாளர்களின் சராசரிக் காலம் 27 மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிறுவனங்களுக்கான பொது விதி. அதனால் உங்களை வெளி வேலைக்கு அனுப்பும் அவசரம் அவர்களுக்கு உண்டு. நியாயமான வேலை வாய்ப்புகளைக் காரணமின்றித் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தால் திட்டத்திலிருந்தே விலக்கலாம்.

நான் அதிகம் பயப்படுவது பழகிப்போன இடத்தைப் பார்த்துத்தான். நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குகிறார் 62 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டில் எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். நூலகர் வாயாரப் புகழ்கிறார். ஏன் புகழமாட்டார்? சம்பளச் செலவே இல்லாத கை! முதல் ஆண்டு முடிவதற்குள் நேராகக் கேட்டுவிடுங்கள்: “இங்கே எனக்கு நிரந்தர இடம் வருமா?” பதில் மென்று விழுங்குவதாக இருந்தால், வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். உங்களுக்கென்று எழுதும் வேலைத் திட்டத்தை ஆண்டுக்கு இருமுறையாவது மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. அதில் ‘கணினி கற்க வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த வகுப்பு, எந்த மாதத்துக்குள் என்று எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது வாடகை. இந்தத் திட்டச் சம்பளத்தை அரசு உதவி பெறும் வீட்டு வாடகைக்கும் உணவு உதவிக்கும் வருமானமாகக் கணக்கிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வெளியே வாங்கும் சம்பளத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. 145 டாலரை விட்டுவிட்டு வாரம் 200 டாலர் வேலைக்குப் போகிறீர்கள். மாதம் சுமார் 628 வந்த இடத்தில் 866 வரும். ஆனால் அப்படிப்பட்ட வீடுகளில் வாடகை பொதுவாக வருமானத்தில் 30 சதவீதம். 260 அதற்கே போய்விடும். மிச்சம் 606. சம்பளம் ஏறியும் கையில் 22 டாலர் குறைவு! இந்தத் தோராயக் கணக்குப்படி வாரம் 207 டாலரைத் தாண்டினால்தான் லாபம். உணவு உதவி குறைவதை இதில் சேர்க்கவே இல்லை. வேலைக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்பே வீட்டுவசதி அலுவலகத்தில் உங்கள் எண்களைக் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீட்டிப்பு உண்டா? சிலருக்கு உண்டு. கடுமையான உடல் குறைபாடு உள்ளவர்கள், 75 வயதானவர்கள், தளர்ந்துபோனவர்கள், நீடித்த வேலையின்மை உள்ள பகுதியில் வேலை கிடைக்கும் வாய்ப்பே அரிதானவர்கள், ஆங்கிலமோ எழுத்தறிவோ போதாதவர்கள் ஆகியோருக்குக் கேட்கலாம். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறும் தமிழ்ப் பெரியவர்கள், அங்கே வேலை செய்யும் அனுமதி இருந்தால், இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் தொழிலாளர் துறையிடம் கேட்கவேண்டியது உங்களைச் சேர்த்த நிறுவனம். அவர்கள் கேட்பார்களா என்பதைச் சேரும் நாளிலேயே தெரிந்துகொள்ளுங்கள், 47-ஆம் மாதத்தில் அல்ல.

வெளியேற்றுவதற்கு 30 நாள் முன்பு எழுத்தில் அறிவிப்பு வர வேண்டும். அதன் பிறகு வேலையின்மை உதவித்தொகை வரும் என்று கணக்குப் போடாதீர்கள். மாநிலச் சட்டம் வற்புறுத்தினால் ஒழிய இந்தத் திட்டம் வேலையின்மைக் காப்பீட்டுக்குப் பணம் கட்டுவதில்லை.

ஆகவே 30-ஆம் மாதத்தில் ஓரளவு நல்ல வேலை வந்தால், மீதி மாதங்கள் வீணாகுமே என்று தயங்க வேண்டாம். அந்த வேலை பின்னால் போனாலும், தகுதியும் காலி இடமும் இருந்தால் திரும்பிச் சேரலாம். மீதி 18 மாதம் உங்கள் பெயரில்தான் இருக்கும்.