வானோடியின் ஐந்தொகை

உரைநடை உலகம்

நுழையும்முன்

பறந்த நேரத்தைக் கொண்டே ஒரு விமானியின் பட்டறிவு அளக்கப்படுகிறது. ஆயினும், பறந்த மணிகள் எல்லாம் ஒரே எடை உடையன அல்ல. எவ்வகைப் பறத்தல் ஒருவரைத் துணை விமானி இருக்கையிலிருந்து தலைமை விமானி இருக்கைக்கு உயர்த்துகிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பெட்டியடி முதல் மேலாள் வரை

சிவகங்கை மாவட்டம் காரைக்குடியை அடுத்துள்ள அரியக்குடி, நகரத்தார் ஊர்களுள் ஒன்று. இத்தகைய செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளுக்குத் தொழில் செய்யச் சென்ற இளைஞர்கள் எடுத்த எடுப்பில் பொறுப்பு மிக்க இடத்தில் அமர்ந்துவிடவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, ஏவிய வேலைகளைச் செய்து, கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, அதன் பின்னரே மேலாளாயினர். கடையில் கழித்த ஆண்டுகள் மட்டும் ஒருவரை மேலாளாக்குவதில்லை. கடன் கேட்டு வந்தவரை மதிப்பிடுதல், கொடுத்ததைத் திரும்பப் பெறுதல், இழப்பு நேரும்போது தடுமாறாது முடிவெடுத்தல் ஆகிய திறன்களே மேலாளுக்கு உரியவை.

விமானியின் வளர்ச்சியும் இவ்வாறே மூன்று படிகளைக் கொண்டது. பயிற்சி மாணவர், துணை விமானி, தலைமை விமானி என்பன அப்படிகள். அவர்தம் பேரேடு, பறப்புப் பதிவேடு ஆகும். புறப்பட்ட இடம், இறங்கிய இடம், வானூர்தியின் வகை, பறந்த நேரம், வகித்த பொறுப்பு ஆகியன அதில் பதியப்படுகின்றன.

செட்டிநாடும் வானமும்

வானூர்தித் துறை செட்டிநாட்டிற்குப் புதியதன்று. காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் 1909ஆம் ஆண்டு பிறந்த வள்ளல் அழகப்பர், இலண்டனில் சட்டம் பயின்ற காலத்தில் அங்குள்ள குராய்டனில் வானூர்தி ஓட்டவும் கற்றுச் சான்றிதழ் பெற்றார். பிற்காலத்தில் ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் விமான நிறுவனத்தையும் நடத்தினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செட்டிநாட்டில் அமைக்கப்பட்ட வானூர்தி ஓடுதளம் இவ்வட்டாரத்தின் மற்றொரு வரலாற்றுச் சுவடாகும்.

மணிகளின் வகைகள்

இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெறுவதற்குக் குறைந்தது 18 வயதும், 200 மணி நேரம் பறந்த பட்டறிவும் தேவை. இந்த 200 மணியை எவ்வாறேனும் நிரப்பிவிட இயலாது. அதில் 100 மணி நேரம் தாமே பொறுப்பேற்று ஓட்டியதாக இருத்தல் வேண்டும். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு வழியறிந்து செல்லும் நெடுவழிப் பறத்தல் 20 மணி, வெளிக்காட்சியை நம்பாது கருவிகளின் துணையால் பறத்தல் 10 மணி, இரவுப் பறத்தல் 5 மணி என விதிகள் பகுத்துரைக்கின்றன.

ஒவ்வொரு பகுப்பிற்கும் காரணம் உண்டு. மேகத்திற்குள் நுழைந்த விமானிக்குத் தரையும் அடிவானும் மறைந்துவிடும். அப்போது உடலின் சமநிலை உணர்வு பொய்யுரைக்கும். சாய்ந்து செல்லும் வானூர்தி நேராகச் செல்வதுபோல் தோன்றும். உணர்வை ஒதுக்கிக் கருவியை நம்பும் பழக்கம் பயிற்சியால் மட்டுமே வருவது. அவ்வாறே தனித்துப் பொறுப்பேற்ற மணிகள் முடிவெடுக்கும் துணிவை வளர்க்கின்றன. வானிலை சரியில்லை எனத் திரும்பிவிடும் துணிவும் அவற்றுள் ஒன்று.

கருநாடக இசை அரங்கில் கச்சேரிக்கு இன்றைய வடிவம் தந்தவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். வர்ணத்தில் தொடங்கிக் கீர்த்தனைகள், இராகம் தானம் பல்லவி, துக்கடா என ஒவ்வொன்றிற்கும் அளவான இடம் தந்து அரங்கை நிறைவு செய்தது அவருடைய முறை. கச்சேரியின் சிறப்பு அதன் நீளத்தில் இல்லை, பகுப்பில் உள்ளது. பறப்புப் பதிவேட்டிற்கும் இது பொருந்தும்.

உயர்வுக்கு உதவும் பட்டறிவு

உரிமம் பெற்ற பின் விமான நிறுவனத்தில் உடனே இடம் கிடைக்காதோர் பயிற்றுநராகப் பணியாற்றி மணிகளைச் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மாணவன் செய்யும் பிழையை முன்னரே உணர்ந்து, உரிய நொடியில் திருத்தும் பயிற்றுநர், தம் அறிவையும் கூர்மையாக்கிக் கொள்கிறார்.

சிறு நகரங்களை இணைக்கும் சுழல்விசிறி வானூர்திகளில் பணியாற்றுவது மற்றொரு நல்ல களம். நெடுந்தொலைவுப் பயணத்தில் பத்து மணி நேரம் பறந்தாலும் தரையிறக்கம் ஒன்றே. சிற்றூர்ப் பயணத்திலோ ஏறத்தாழ ஒரு மணிக்கு ஒருமுறை மேலெழுதலும் தரையிறக்கமும் நிகழும். பதிவேட்டில் மணிகள் மெல்லக் கூடினும் கைத்திறன் விரைந்து கூடும். படைத்துறையில் பணியாற்றியவர்களுக்கு ஒழுங்கும் நெருக்கடி மேலாண்மையும் கைவந்தவை. எனினும், பயணிகள் வானூர்தியின் கூட்டுச் செயல்முறையை அவர்களும் கற்றாக வேண்டும்.

அடுத்த படி, விமான நிறுவனப் போக்குவரத்து விமானி உரிமம். அதற்கு 21 வயதும் 1,500 மணி நேரப் பட்டறிவும் தேவை. தலைமை விமானியாக ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது மொத்த மணிகளோடு, அதே வகை வானூர்தியில் பறந்த நேரமும், தலைமைப் பொறுப்பு வகித்த நேரமும், அண்மைக்காலப் பட்டறிவும் நோக்கப்படுகின்றன. பயணிகளை ஏற்றிச் செல்ல, முந்தைய 90 நாள்களுக்குள் மூன்று மேலெழுதலும் மூன்று தரையிறக்கமும் செய்திருத்தல் வேண்டும் என்பது விதி. பழைய பெருமை மட்டும் வானில் செல்லுபடியாகாது.

எண்ணிக்கை போதுமா?

2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரருகே நேர்ந்த விமான விபத்தில் 50 பேர் மாண்டனர். அதன் விளைவாக, அந்நாட்டில் துணை விமானிகளுக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் தேவை என விதி வகுக்கப்பட்டது. ஆயினும், அவ்விபத்தில் சிக்கிய விமானிகள் இருவருமே 1,500 மணிக்கு மேல் பறந்தவர்கள். அதே ஆண்டு ஜூன் 1 அன்று அட்லாண்டிக் பெருங்கடலில் ஏர் பிரான்ஸ் வானூர்தி வீழ்ந்து 228 பேர் உயிரிழந்தனர். வேகமானிகளில் பனி உறைந்ததால் தானியங்கி விலகிக்கொள்ள, வானூர்தி விமானிகளின் கைக்கு வந்தது. மிகு உயரத்தில் கையால் இயக்கும் பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்படவில்லை என்பதை விசாரணை வெளிப்படுத்தியது.

இதற்கு மாறான நிகழ்வொன்றும் உண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 வானூர்தி 69 பேருடன் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் முற்றிலும் தீர்ந்தது. கிலோகிராமுக்கும் பவுண்டுக்கும் இடையே நேர்ந்த கணக்குப் பிழையே காரணம். தலைமை விமானி ராபர்ட் பியர்சன், பொறியில்லா மிதவை வானூர்திகளைப் பொழுதுபோக்காக ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் குயின்டல், கிம்லி என்னும் இடத்தில் இருந்த பழைய படைத்தளத்தில் முன்னர்ப் பணியாற்றியவர். கைவிடப்பட்டிருந்த அத்தளத்தின் ஓடுதளம் அவர் நினைவுக்கு வந்தது. பொறிகள் நின்றுபோன வானூர்தியை மிதவைபோல் செலுத்திப் பியர்சன் அங்கே இறக்கினார். அனைவரும் உயிர் பிழைத்தனர். எந்த விதியும் கேட்டிராத இரு பட்டறிவுகள் 69 உயிர்களைக் காத்தன.

தெரியுமா?

பறக்காமலேயே பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் பொய்க் கணக்கை விமானிகள் 'பார்க்கர் மணி' என எள்ளுவர். பார்க்கர் என்பது புகழ்பெற்ற பேனாவின் பெயர். வானில் பறக்காமல் பேனாவால் பறந்த மணிகள் என்பது இதன் பொருள்.

நேரிய கணக்கு

விமானிப் பயிற்சி பெருஞ்செலவு பிடிப்பது. கடன் பெற்றுப் பயில்வோர் விரைவில் மணிகளை நிரப்பிப் பணியில் அமர விழைவது இயல்பே. அவ்விழைவு குறுக்கு வழியைக் காட்டும்போதுதான் பெருந்தீங்கு விளைகிறது. பேரேட்டில் பொய்யெழுதிய வணிகருக்கு ஐந்தொகை எடுக்கும் நாளில் பொருளிழப்பு வெளிப்படும். பதிவேட்டில் பொய்யெழுதிய விமானிக்கோ அந்நாள் புயலிலோ இருளிலோ வரும். இழப்பைச் சுமப்பவர்கள் பின்னிருக்கைகளில் அமர்ந்திருக்கும் பயணிகள்.

மணிகளின் எண்ணிக்கை விமானிக்குக் கதவைத் திறக்கும். தனித்து எடுத்த முடிவுகள், இருளில் கருவியை நம்பிய பொழுதுகள், பிறருக்குக் கற்பித்த பாடங்கள், மீண்டும் மீண்டும் பழகிய தரையிறக்கங்கள் ஆகியவையே அவரைத் தலைமை இருக்கைக்கு உரியவராக்கும். நேர்மையாக எழுதப்பட்ட பதிவேடே அத்தகுதியின் சான்று.

கற்பவை கற்றபின்

1. விமானியின் பறப்புப் பதிவேட்டையும் வணிகரின் பேரேட்டையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

2. 'பட்டறிவின் அளவைவிட அதன் வகையே முதன்மையானது' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊரில் நீண்ட காலப் பயிற்சியால் தொழில் கற்றுத் தேர்ந்த ஒருவரைக் கண்டு, அவர் கடந்த படிநிலைகளைத் தொகுத்து எழுதுக.