வளையமும் தொழுகைக் கணக்கும்

சென்ற மாதம் சிதம்பரத்தில் ஒரு நிக்காஹ் வீட்டில், கடலூர்ச் சகோதரர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "ஹஜ்ரத், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்" என்றார். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட அவர் மனைவி, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வளையத்தைப் பெண்ணுறுப்பினுள் வைத்திருக்கிறார். தினமும் சிறிது சிறிதாக உதிரம் பட்டதால் இருபது நாட்களாகத் தொழவில்லையாம்.

வளையம் இன்னதென்று முதலில் அறிவோம். சிலிக்கான் ரப்பர் வழியே ஹார்மோன் மெல்லக் கசியும் என்பதை 1960களில் விஞ்ஞானிகள் கண்டார்கள். 1970-ல் அமெரிக்க டாக்டர் மிஷெல் அதை வளையமாக்கிச் சோதித்த முடிவை வெளியிட்டார். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வளையம் இரண்டு ஹார்மோன்களை வெளியிடுவது. மூன்று வாரம் உள்ளே, ஒரு வாரம் வெளியே. கருமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கிறது. உண்டான கருவைக் கலைப்பதில்லை.

பாலூட்டும் தாய்மாருக்கு வேறொரு வளையம் உண்டு. அதில் புரோஜெஸ்டிரோன் மட்டுமே. நாளைக்குச் சுமார் 10 மில்லிகிராம் கசியும். சிலி நாடு 1998-ல் அனுமதித்தது. நம் நாட்டிலும் தாய்மாரிடம் சோதிக்கப்பட்டு, 2020-ல் முடிவு வெளியானது. பாலூட்டலின் நிறைவை இரண்டு ஆண்டென்று குர்ஆன் வகுத்திருக்க, அதற்குள் அடுத்த கரு தங்காதிருக்கத் தாய் விரும்புவதில் வியப்பென்ன?

நபித்தோழர்கள் அஜ்ல் செய்ததையும், அது தடுக்கப்படாததையும் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். தம்பதியர் இருவரும் இசைந்து தற்காலிகமாகத் தடுப்பதை இதனோடு ஒப்பிட்டே உலமாக்களில் பலர் அனுமதிக்கிறார்கள்.

இனி அந்த இருபது நாட்கள். முதல் மாதங்களில் இப்படி உதிரம் படுவது ஹார்மோன் முறைகளில் உள்ளதே. ஹனபி மத்ஹபில் ஹைளு குறைந்தது மூன்று நாள், அதிகம் பத்து நாள். பத்தைத் தாண்டினால் வழக்கமான நாட்களே ஹைளு, மீதி இஸ்திஹாளா. அவருடைய வழக்கம் ஆறு நாள். ஆகவே குளித்துவிட்டு, 14 நாள் தொழுகையைக் களாச் செய்யவேண்டும். உதிரம் தொடர்ந்தாலும் ஒவ்வொரு வக்துக்கும் ஒளுச் செய்து தொழலாம். ஷாபிஈ மத்ஹபில் குறைந்தது ஒரு பகலும் இரவும், அதிகம் பதினைந்து நாள். அதைத் தாண்டினால் உதிரத்தின் நிறத்தையும் தடிப்பையும் முதலில் பார்க்கவேண்டும்.

இப்பாடத்தை மதரஸாவில் சிறுவர்களுக்கு ஓதிக்கொடுக்கிறோம். தேவைப்படுகிற பெண்களின் காதுக்கோ எட்டவிடுவதில்லை!

உள்ளேயிருக்கும் வளையம் குளிப்புக்குத் தடையாகாது. நோன்புப் பகலில் அதை உள்ளே வைத்தால் நோன்பு முறியும். வைப்பதையும் எடுப்பதையும் இரவில், ஸஹருக்கு முன் முடித்துக்கொள்ளவேண்டும்.