ரெய்க்யவிக் ஓபனுக்குப் போகிற பிள்ளைகளுக்கு

ஐஸ்லாந்தில் நடக்கும் ரெய்க்யவிக் ஓபனுக்குப் பேர் கொடுத்துவிட்டு, "எந்த ஓப்பனிங் தயார் பண்ணணும் சார்?" என்று கேட்டு வருகிறீர்கள். அதை உங்கள் பயிற்சியாளர் சொல்லுவார். நான் பிள்ளைகளை வெளியூர், வெளிநாட்டுப் போட்டிகளுக்குக் கூட்டிப்போய் நரைத்தவன். எனக்குத் தெரிந்தது வேறு. எண் போட்டுச் சொல்கிறேன், சிலது நீளும்.

1. முன்பு ஜெயித்தவர்களின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்துவிடு. பெயர்களை விட்டுவிட்டு, எத்தனை புள்ளியில் ஜெயித்தார்கள் என்று பார். 1964இல் நடந்த முதல் போட்டியில் மிகயில் தால் 13 ஆட்டத்தில் 12½ எடுத்தார். அது அழைப்பின் பேரில் 14 பேர் எல்லாரோடும் எல்லாரும் ஆடிய போட்டி. உலக சாம்பியனாக இருந்த ஒருவர் அப்படி அடித்துப்போட அதில் இடம் இருந்தது. 1982இல்தான் யாரும் சேரலாம் என்று சுவிஸ் முறைக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடந்துகொண்டிருந்தது 2008க்குப் பிறகு ஆண்டுதோறும் ஆனது. இனி அண்மைக் காலத்துக்கு வா. 2012இல் ஃபேபியானோ கருவானா, 9 சுற்றில் 7½. 2018இல் நம்ம ஆதிபன், 7½. 2022இல் பிரக்ஞானந்தா, அதே 7½. மூன்று பேரும் மூன்று ரகம், கணக்கு ஒன்றே. சுவிஸில் ஜெயிக்க ஜெயிக்க எதிரே உட்காருகிறவர் பலசாலியாகிக்கொண்டே வருவார். அதனால் தால் எடுத்த மாதிரி இங்கே யாரும் எடுப்பதில்லை. சாம்பியனே ஒன்றரைப் புள்ளி விட்டுவிட்டுத்தான் கோப்பை வாங்குகிறார். நீ ஓர் ஆட்டம் தோற்றதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் எப்படி?

2. முதல் சுற்றில் யாரோடு ஆடப்போகிறாய் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். ரேட்டிங் வரிசையில் எல்லாரையும் நிற்கவைத்து நடுவில் கோடு கிழிப்பார்கள். 240 பேர் என்றால் 1ஆம் எண்ணுக்கு 121, 80ஆம் எண்ணுக்கு 200. இப்போட்டிக்கு 200 பேருக்கு மேல் வருவது வழக்கம். கீழ்ப் பாதியில் இருக்கிற உனக்கு முதல் நாளே பெரிய பட்டம் உள்ள ஒருவர் வாய்க்கலாம். யாரோடு யார் என்ற பெயரிங் வந்ததும் அப்பாக்கள் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், கட்டின கட்டணத்தில் பாதி அந்த ஒரு பெயரிங்குக்குத்தான். ஊரில் அந்த மனிதரோடு நான்கு மணி நேரம் தனியாக உட்கார உன்னை யார் விடுவார்கள்?

3. கணக்குப் பார்க்கிற வீடுகளுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு 18 வயது ஆகவில்லை, ரேட்டிங் 2300க்குக் கீழே என்றால் ரேட்டிங் எவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் என்பதைச் சொல்லும் உன் 'கே' மதிப்பு 40. உன்னைவிட 400 புள்ளி மேலே உள்ளவரிடம் தோற்றால் போவது 3.2 புள்ளி. டிரா செய்தால் வருவது 16.8. ஜெயித்துவிட்டால் 36.8. அவர் உன்னைவிட 700 புள்ளி மேலே இருந்தாலும் உன் கணக்கில் 400 என்றே எடுத்துக்கொள்வார்கள். அதாவது, பெரிய ஆட்டக்காரரிடம் தோற்பதைவிட மலிவான தோல்வி செஸ்ஸில் கிடையாது. ஆனால் பிள்ளைகள் அந்தப் பலகையில்தான் நடுங்குகிறார்கள். ராஜாவைச் சுற்றி எல்லாக் காயையும் குவித்துவைத்துவிட்டு, அவர் வந்து மெதுவாக நெரிக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் என்ன ஆடுவாயோ அதையே அங்கேயும் ஆடு. குதிரையைக் கொடுத்துத் தாக்கும் பழக்கம் இருந்தால் கொடு.

4. பலசாலியிடம் 15ஆவது நகர்த்தலில் டிரா கேட்காதே. முதலாவது, தரமாட்டார். இரண்டாவது, நீ பயந்துவிட்டாய் என்று தெரிந்துகொள்வார். திரும்பத் திரும்பக் கேட்டால் அது தொந்தரவு, நடுவர் எச்சரிப்பார். நிலைமை உண்மையிலேயே சமமாகி நேரமும் குறைந்திருந்தால் கேட்கலாம், அதற்கும் முறை உண்டு: நகர்த்து, கேள், பிறகு கடிகாரத்தை அழுத்து. அவர் யோசிக்கும்போது கேட்பது மரியாதை இல்லை.

5. முதல் சுற்றில் தோற்றால் இரண்டாவதில் உன்னைவிடக் கீழே உள்ளவர் வரலாம். ஆபத்தே அந்த ஆட்டம்தான். முன்னே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொள்.

6. இந்தியப் பெயர் வந்தால் சலித்துக்கொள்ளாதே. "இவனோடு ஆடவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று ஒரு தாயார் கேட்பதைக் காதால் கேட்டிருக்கிறேன். 2022 கடைசிச் சுற்றில் பிரக்ஞானந்தா முதலிடம் பிடித்தது குகேஷைத் தோற்கடித்துத்தான். இரண்டு பேரும் சென்னைப் பிள்ளைகள். ஆடியது வட அட்லாண்டிக் கரையில். புலம்பல் எங்காவது கேட்டதா? பட்டத்துக்கான நார்ம் துரத்துகிற பெரியவர்களுக்கு எதிராளி எந்தக் கூட்டமைப்பு என்பது முக்கியம்தான், விதி அப்படி. உனக்கு அந்தக் கவலை வர இன்னும் நாள் இருக்கிறது.

7. சட்டம். திறமை இருந்தும் பிள்ளைகள் அரைப்புள்ளியும் முழுப்புள்ளியும் விடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டு அப்பாவைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விதிக்குப் புறம்பான நகர்த்தல் ஒருமுறை செய்தால் எதிராளிக்கு இரண்டு நிமிஷம் கூடும், மறுமுறை செய்தால் ஆட்டம் போச்சு. நகர்த்தலுக்கு 30 நொடி சேருகிற ஆட்டத்தில் கடைசிவரை நகர்த்தல்களை எழுதியாக வேண்டும். நேரம் குறைந்துவிட்டது என்று பேனாவை வைக்க முடியாது. ஒரே நிலை மூன்றாவது முறை வரப்போகிறது என்றால், அந்த நகர்த்தலைப் பலகையில் செய்யாதே. தாளில் எழுது, கடிகாரத்தை நிறுத்து, நடுவரைக் கூப்பிட்டுச் சொல். நகர்த்திக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டுக் கேட்டால் உரிமை போய்விடும். அங்கே நடுவர்கள் அன்பானவர்கள், ஆனால் நீ கேட்காததை அவர்களாகத் தரமாட்டார்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, கையைத் தூக்கு. போனை அறையிலேயே விட்டுவிட்டுப் போ.

8. வயதைப் பார்த்து எடைபோடாதே. 1984இல் இந்தப் போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் சாமுவேல் ரெஷெவ்ஸ்கி, வயது 72. கூட இருந்த இரண்டு பேர், யோஹான் ஹ்யார்டார்சன், ஹெல்கி ஓலாஃப்சன், இருவரும் ஐஸ்லாந்தின் இளைஞர்கள். பிரக்ஞானந்தா ஜெயித்தபோது 16 வயது. எதிரே தாத்தா வந்து உட்கார்ந்தால் சந்தோஷப்படாதே. எண்ட்கேமில் உன்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டுக் கைகுலுக்குவார். நாடு சின்னது என்றும் எடைபோடாதே: ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நம்ம திருநெல்வேலி மாநகராட்சி அளவுகூட இல்லை. அதற்குள்ளிருந்துதான் ஃப்ரித்ரிக் ஓலாஃப்சன் வந்தார். 1966இல் இந்தப் போட்டியை ஜெயித்தார், 1978 முதல் 1982 வரை உலகச் செஸ் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தார். அந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவரும் சிசிலியன் ஆடுவார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்.

9. சாப்பாடும் குளிரும். ஷெங்கன் விசா, சீக்கிரம் விண்ணப்பி. அறை எடுக்கும்போது அடுப்பு இருக்கிற இடமாகப் பார்க்கச் சொல். ஓட்டலில் மூன்று வேளை சாப்பிட்டால் அப்பா அடுத்த போட்டிக்கு அனுப்பமாட்டார். அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் போதும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்காதே. வெந்நீரில் கந்தக வாடை வரும், பயப்படாதே, பூமிக்கடியிலிருந்து வருவது. குடை வேண்டாம், காற்று அதை இருக்கவிடாது. தலையை மூடுகிற மழைக்கோட்டு வை. வழக்கமாக ஏதாவது ஒரு நாளில் இரண்டு சுற்று வரும். அன்றைக்கு இடைவேளையில் தூங்கு, ஓப்பனிங் புரட்டாதே. அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளை ஹாலிலிருந்து வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்காமல் "பசிக்குதா?" என்று கேளுங்கள்.

10. 2012 முதல் பெரும்பாலும் ஹார்ப்பா என்கிற இசை அரங்கத்தில் ஆட்டம் நடந்திருக்கிறது. துறைமுகத்து ஓரம், முழுக்கக் கண்ணாடி. ஓபனின் பெரிய வசதி, முதல் பலகையும் உன் பலகையும் ஒரே போட்டியில் இருப்பது. 2017இல் அனிஷ் கிரி 10க்கு 8½ எடுத்து ஜெயித்தபோது, கடைசி மேசைகளில் ஆடியவர்களும் அவரைப் போலவே கடிகாரத்தை அழுத்திக்கொண்டிருந்தார்கள். உன் எதிராளி யோசிக்கும்போது எழுந்து போய் முதல் பலகையைப் பார். அங்கே இருப்பவர் என்ன ஆடினார் என்பதை வீட்டில் திரையில் பார்க்கலாம். எப்படி உட்கார்ந்திருந்தார், எந்த நகர்த்தலுக்கு நேரம் செலவழித்தார், தப்பான நகர்த்தலுக்குப் பிறகு முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பேசாதே, பலகை மேல் சாயாதே, உன் கடிகாரத்தை மறந்துவிடாதே.

11. ஒரு நாள் ஒழிந்தால் செல்ஃபோஸ் என்கிற ஊர்ப் பக்கம் போய் வா. பாபி ஃபிஷரின் கல்லறை அங்கே சின்னத் தேவாலயம் ஒன்றின் அருகில் இருக்கிறது. 1972இல் உலக சாம்பியன் பட்டத்துக்காக ஸ்பாஸ்கியை அவர் எந்த நாட்டில் ஜெயித்தாரோ அதே நாடு 2005இல் அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. 2008இல் அங்கேயே போய்ச் சேர்ந்தார். ஆதிபன் ஜெயித்த வருஷம் ஃபிஷருக்கு 75 வயது ஆகியிருக்கும்; போட்டியை அவர் நினைவாகவே நடத்தினார்கள்.

12. ஆட்டம் முடிந்ததும், தோற்றாலும், எதிராளியிடம் "கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேள். பாதிப் பேர் சம்மதிப்பார்கள், கிராண்ட்மாஸ்டர் உட்பட. எங்கே தடுமாறினாய் என்று நீயே முதலில் காட்டு. அவர் எதைக் கண்டு பயந்தார் என்று கேள். நீ கவனிக்காமல் விட்ட ஒரு நகர்த்தலைத்தான் பெரும்பாலும் சொல்வார். அன்று ராத்திரியே அதைத் தாளின் ஓரத்தில் தமிழில் எழுதிவை. கம்ப்யூட்டர் செஸ் இன்ஜினை ஊருக்குத் திரும்பிய பிறகு திற.